நுகர்வு: பூஜ்யம்

ஊருக்கெல்லாம் யூனிட் எழுதுகிறவள் வண்டியில்
கரண்ட் ஏறவில்லை.
கேட்டுச் சிரித்தவர்கள்
செக்‌ஷன் ஆபீஸில் நான்கு பேர்,
டீக்கடையில் ஒருவர்,
மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் மகன்.

ராத்திரி முழுக்கச் செருகி வைத்திருந்தேன்.
சார்ஜரில் பச்சை.
விடிந்து சாவியைத் திருப்பினால்
நேற்று ஏற்காடு அடிவாரத்தில் நின்றபோது காட்டிய
அதே ஒற்றைக் கோடு.
அதுவும் ஒருமுறை சிமிட்டிவிட்டுப் போய்விட்டது.

பிளக்கை மாற்றினேன். சுவரை மாற்றினேன்.
கிரைண்டர் ஓடும் சுவர், சந்தேகப்படவே முடியாத சுவர்.
துளைக்குள் டார்ச் அடித்து
மூன்று ஊசியும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தேன்.
ஃப்யூஸை வெளிச்சத்தில் பிடித்தேன், கம்பி அறவில்லை.
மீட்டர் வைத்தால் சார்ஜர் முனையில்
ஐம்பத்து நாலு புள்ளி ஆறு.
கொடுக்கிறவன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பச்சை என்றால் நிரம்பிவிட்டது என்று
ஒரு வருஷமாக நம்பியிருந்தேன்.
பொன்னம்மாபேட்டை கேட் பக்கம் துளசிராம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னான்:
"எதுவுமே வாங்கலைன்னாலும் பச்சைதானுங்க மேடம்.
அதுக்கு வித்தியாசம் தெரியாது."

வண்டியை அவனிடம் விட்டு இரண்டு நாள் நடந்தேன்.
சித்திரை வெயில். கன்னங்குறிச்சி.
வண்டியில் வந்தால் கேட்டுக்கு வெளியே நின்றே
எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.
கடைசித் தெருவில் ஒரு வீடு,
மார்கழியில் பூஜ்யம், மாசியில் பூஜ்யம்.
பூஜ்யம் எழுதுவதற்குச் சுலபம்.
அதற்குக் கட்டணம் இல்லை, தகராறு இல்லை,
வாசலில் நின்று யாரும் என்னைத் திட்டுவதில்லை.

கால் வலித்ததால்தான் படியில் உட்கார்ந்தேன்.
உள்ளே இருமல்.
கதவைத் திறந்தவர் குப்பண்ணன்,
சேகோ ஃபேக்டரியில் நைட் வாட்ச்மேன்,
கண் முழுக்கத் தூக்கம்.
ஐப்பசி மழையில் ஃப்யூஸ் கட்டை கருகிப்போனதாம்.
யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை,
அப்புறம் பழகிவிட்டது.
"பகல்ல தூங்குறவனுக்கு லைட்டு எதுக்குங்க?
போனுக்கு அங்கயே சார்ஜ் போட்டுக்குவேன்."
ஃபேன்?
ஜன்னலைக் காட்டினார்.
நனைத்த சாக்கு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

மிஷினில் மூன்றாவது பூஜ்யத்தை அடித்தேன்.
வேறு என்ன அடிக்க முடியும், அதுதான் ரீடிங்.
கம்ப்ளெய்ன்ட் நம்பரை
அவருடைய காலண்டரில் எழுதிவிட்டு வந்தேன்.

துளசிராம் பேட்டரியைத் திறந்து வைத்திருந்தான்.
பதிமூன்று வரிசை.
பன்னிரண்டில் மூணு புள்ளி ஏழு, கொஞ்சம் முன்னே பின்னே.
ஏழாவதில் ரெண்டு புள்ளி ஒண்ணு.
அந்த ஒன்று இப்படிக் கிடக்கும்போது
உள்ளே இருக்கும் பச்சை அட்டை கதவைச் சாத்திக்கொள்ளுமாம்,
மொத்தத்துக்கும்.
"ரெண்டுக்குக் கீழ போயிருந்தா நான் கைவைக்க மாட்டேனுங்க.
இது விளிம்புல நிக்குது."

அதற்கு மட்டும் தனியாகக் கம்பி கொடுத்தான்.
சொட்டுச் சொட்டாக. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்த்தான்.
பக்கத்தில் ஒரு வாளி மணல்.
மூன்றைத் தொட மதியமாகிவிட்டது.
"தாங்குமா?" என்றேன்.
"ஒரு மாசம் ஓட்டிட்டுக் கொண்டாங்க,
மறுபடி விழுந்தா மாத்தணும்" என்றான்.
முந்நூறு ரூபாய் வாங்கினான். ரசீது கேட்கவில்லை.

இன்று ராத்திரி சார்ஜரில் சிவப்பு.
இந்த வீட்டில் சிவப்புக்காக யாரும்
இத்தனை சந்தோஷப்பட்டதில்லை.
திரைச்சீலையைத் தள்ளிக் கட்டிவிட்டு
வெறும் சிமென்ட் தரையில் வைத்து
எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சனிக்கிழமை வயர்மேன் போவார் என்றார்கள்.
இன்று செவ்வாய்.
குப்பண்ணன் காலை ஏழுக்குத் திரும்புவார்.
வயர்மேன் முருகவேள் வீடு என் வழியில்தான்,
அவரிடம் வண்டி இல்லை, எண்பது கிலோ இருப்பார்,
ஏணி வேறு.
மெதுவாகத்தான் போகவேண்டும்.
ஏழாவது வரிசைக்கு இதையெல்லாம்
நான் இன்னும் சொல்லவில்லை.